சாதி மறுப்பு

சாதி மறுப்பு (பெயர்ச்சொல்): பிறப்பால் மனிதருக்கு உயர்வு தாழ்வு கற்பிப்பதை ஏற்க மறுத்தல்; அம்மறுப்பை வாழ்வில் நடைமுறைப்படுத்தல்.

தமிழகத்தில் இக்கருத்தைச் சுயமரியாதை இயக்கம் பரவலாக்கியது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய அதன் முதல் மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னுள்ள சாதிப் பட்டங்களைக் கைவிடத் தீர்மானித்தது. சாதிப் பட்டமின்றித் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னொட்டாகக் கொள்ளும் இன்றைய பெயர்வழக்கு வேரூன்ற இத்தகைய முயற்சிகள் துணைநின்றன.

வழக்கு: 'சாதி மறுப்பாளர்', 'சாதி மறுப்புத் திருமணம்'. வெவ்வேறு சாதியினரின் மணத்தைக் குறிக்கும் 'கலப்பு மணம்' சாதிகளைத் தனித்தனி இனங்களாகக் காட்டுவதால், அதற்கு மாற்றாகச் 'சாதி மறுப்புத் திருமணம்' என்பதைப் பலர் ஆள்கின்றனர்.

தொடர்புடையது: தீண்டாமை ஒழிப்பு. தீண்டாமையை அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு ஒழித்தது, சாதியை அன்று. எனவே சாதி மறுப்பு இன்னும் ஒவ்வொருவரும் ஏற்க வேண்டிய கடமை.