பெயர் நீக்கமா, ஆள்மாறாட்டமா?

டிஸ்க் போய்விட்டது என்று தெரிந்ததும் அதை உருவிவிடக் கை பரபரக்கும். பல வருடம் ஹெச்பி-யூஎக்ஸில் பழகிய நண்பர் ஒருவர், ஒரு ராத்திரி ஏஐஎக்ஸ் சர்வரில் அப்படியே செய்தார். பழைய டிஸ்க்கை உருவினார், புதியதைச் செருகினார், பழைய இடத்தில் புதியதை உட்காரவைக்கும் கட்டளையைத் தேடினார். வால்யூம் குரூப்போ, அங்கே இல்லாத டிஸ்க்கை ‘மிஸ்ஸிங்’ என்று காட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் செத்த டிஸ்க்கின் பதினாறு இலக்க அடையாள எண்ணைத் தேடியெடுத்து, அதைக் கொடுத்துத்தான் கணக்கிலிருந்து கழிக்க முடிந்தது. தவறு அவருடைய திறமையில் இல்லை, பழக்கத்தில்.

இரண்டு யூனிக்ஸும் பேசுவது ஒரே மொழி. பிசிக்கல் வால்யூம், லாஜிக்கல் வால்யூம், வால்யூம் குரூப் என்று எல்லாப் பெயரும் ஒன்றுதான். ஐபிஎம் 1990-இல் ஆர்எஸ்/6000 இயந்திரங்களோடு வெளியிட்ட ஏஐஎக்ஸ் 3-இல் எல்விஎம் (லாஜிக்கல் வால்யூம் மேனேஜர்) என்னும் இந்த ஏற்பாடு இருந்தது. ஹெச்பி-யூஎக்ஸுக்கு 1992-இல் ஒன்பதாம் பதிப்பில் வந்தது. ஆனால் ஒரு டிஸ்க் செத்தால் என்ன செய்வது என்பதில் இரண்டுக்கும் மனப்போக்கே வேறு.

ஏஐஎக்ஸின் வழி, ரேஷன் கார்டில் பெயர் நீக்கிச் சேர்ப்பது போன்றது. முதலில் ‘அன்மிரர்விஜி’ கொடுத்து, செத்த டிஸ்க்கில் இருக்கும் மிரர் பிரதிகளைக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டும். ‘ரெட்யூஸ்விஜி’ குரூப்பிலிருந்து அதன் பெயரை அடிக்கும். ‘ஆர்எம்டெவ்’ இயந்திரத்தின் பதிவேட்டிலிருந்தே அழிக்கும். அதன் பிறகுதான் கை டிஸ்க்கின் பக்கம் போகலாம். புதிய டிஸ்க்கைச் செருகி, ‘சிஎஃப்ஜி மேனேஜர்’ ஓட்டி, ‘எக்ஸ்டெண்ட்விஜி’யால் புது ஆளாகச் சேர்த்து, ‘மிரர்விஜி’யால் பிரதியை மறுபடி எழுத வேண்டும். நடுவில் ஒரு முட்டுக்கட்டை வரலாம். கர்னல் விழும்போது நினைவகத்தைக் கொட்டிவைக்கும் டம்ப் வால்யூம் அந்த டிஸ்க்கில் இருந்தால், அன்மிரர்விஜி அதைத் தொடாது, ரெட்யூஸ்விஜியும் நகராது. டம்ப்பை முதலில் வேறு இடத்துக்குத் திருப்ப வேண்டும். ‘ரிப்ளேஸ்பிவி’ என்று ஒரே கட்டளையும் உண்டு. அதன் உள்ளே நடப்பதும் இதே சேர்ப்பும் நீக்கமும்தான்.

ஹெச்பி-யூஎக்ஸ் இவ்வளவு அலையவிடாது. அதன் வழி பச்சையான ஆள்மாறாட்டம். டிஸ்க்கை மாற்றிவிட்டு ‘விஜி-சிஎஃப்ஜி-ரெஸ்டோர்’ கொடுத்தால், செத்தவரின் அடையாள எண், இருக்கை வரிசை எல்லாவற்றையும் அது புதியவரின் நெற்றியில் எழுதிவிடும். குரூப்பைப் பொறுத்தவரை யாரும் சாகவில்லை, யாரும் புதிதாக வரவில்லை. ‘விஜி-சேஞ்ச்’ கொடுத்தால் டிஸ்க் மறுபடி குரூப்போடு ஒட்டிக்கொள்ளும், மிரர் தானாக நிரம்பத் தொடங்கும். இந்த அடையாளமெல்லாம் /இடிசி/எல்விஎம்கான்ஃப் அடைவில் இருக்கும் கோப்பிலிருந்து வருகிறது. பத்தாம் பதிப்புக் காலத்திலிருந்து எல்விஎம் கட்டளைகள் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இந்தக் கோப்பைத் தாமே புதுப்பிக்கின்றன. முந்தையது பழைய பிரதியாக ஒதுங்கிக்கொள்ளும்.

‘ரெஸ்டோர்’ என்ற சொல்லைக் கண்டு ஏமாந்தவர்கள் நிறைய. அது மீட்பது வரைபடத்தை மட்டுமே. வீட்டின் பிளான் திரும்பி வரும், சாமான்கள் வரா. அவை மிரரிலிருந்தோ டேப்பிலிருந்தோதான் வர வேண்டும்.

ஆனாலும் மிரர் இல்லாத இடத்தில் அந்த வரைபடத்தின் அருமை தெரியும். ஏஐஎக்ஸில் மிரர் இல்லாத டிஸ்க் ஒன்று செத்தால், அதில் இருந்த லாஜிக்கல் வால்யூம்களை அழித்து, அளவு பார்த்து மறுபடி உருவாக்க வேண்டும். ‘சேவ்விஜி’ எடுத்து வைத்திருந்தால் பிழைத்தோம். ஹெச்பி-யூஎக்ஸில் வால்யூம்கள் அதே பெயரில், அதே அளவில் அப்படியே நிற்கும். மேலே கோப்பு முறைமையை உருவாக்கி, டேப்பைப் போட்டால் போதும். முப்பது வால்யூம் உள்ள சர்வரில் விடிகாலை மூன்று மணிக்கு உட்கார்ந்தவருக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை.

பழைய அளவில் டிஸ்க் இனி கிடைக்காது, பெரியதுதான் இருக்கிறது என்று அனுப்புவார்கள். ஏஐஎக்ஸின் பழைய வகை குரூப்பில் ஒரு டிஸ்க்குக்கு 1016 துண்டுகளே வரம்பு. துண்டு 64 எம்பி என்றால் சுமார் 63 ஜிபி. 146 ஜிபி டிஸ்க்கைக் கொடுத்தால் எக்ஸ்டெண்ட்விஜி முகத்திலடித்தாற்போல் மறுக்கும். ‘சிஎச்விஜி’யில் வரம்பை மும்மடங்காக உயர்த்தலாம், ஆனால் குரூப்பில் சேரக்கூடிய டிஸ்க்குகள் 32-லிருந்து 10 ஆகச் சுருங்கும். ஹெச்பி-யூஎக்ஸ் சண்டை போடாது. ஆள்மாறாட்டம் செய்தவர் பழைய ஆளின் உயரத்திலேயே நிற்பார், மிச்ச இடம் சும்மா கிடக்கும்.

இரண்டு டிஸ்க் உள்ள குரூப்பில் பெரும்பான்மைக் கணக்கும் வேறு. ஏஐஎக்ஸ் முதல் டிஸ்க்கில் குரூப்பின் விவரப் பட்டியலின் இரு பிரதிகளையும் இரண்டாவதில் ஒன்றையும் வைக்கிறது. முதலாவது செத்தால் பெரும்பான்மை போய், குரூப்பே மூடிக்கொள்ளும். அதனால்தான் மிரர்விஜி ‘கோரம்’ என்னும் இந்தப் பெரும்பான்மைச் சோதனையை நிறுத்திவிடுகிறது. ஹெச்பி-யூஎக்ஸ் சரிபாதி இருந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் மறுபடி கிளம்பப் பாதிக்கு மேல் கேட்கும். ஒற்றை டிஸ்க்கோடு பூட் செய்ய ‘-எல்க்யூ’ சேர்க்க வேண்டும்.

இரண்டிலும் ஒன்றுபோல மறக்கப்படுவது பூட் பகுதி. மிரர் செய்தால் மட்டும் அது தயாராகிவிடாது, விஜி-சிஎஃப்ஜி-ரெஸ்டோரும் அதைத் தொடாது. ஏஐஎக்ஸில் ‘பாஸ்பூட்’, ‘பூட்லிஸ்ட்’, ஹெச்பி-யூஎக்ஸில் ‘எம்கேபூட்’. இட்டேனியம் இயந்திரம் என்றால் அதற்கும் முன்னால் ‘ஐடிஸ்க்’ கொண்டு டிஸ்க்கைப் பிரிக்க வேண்டும். விட்டுவிட்டால் மாதக்கணக்கில் எதுவும் தெரியாது. மற்ற டிஸ்க் சாகும் நாளில் தெரியும்.

எது மேல் என்று கேட்டால், மிரர் உள்ள சர்வரில் நான் ஏஐஎக்ஸ் பக்கம். படிகள் அதிகம். ஆனால் அது உயிரோடு இருக்கும் டிஸ்க்கை மட்டுமே நம்புகிறது, ஒரு கோப்பை அல்ல. மிரர் இல்லையென்றால் யோசிக்காமல் ஹெச்பி-யூஎக்ஸ். லினக்ஸ் இரண்டையும் வைத்துக்கொண்டது. 1998-இல் ஹைன்ஸ் மௌல்ஸ்ஹாகன் ஹெச்பி-யூஎக்ஸை முன்மாதிரியாக வைத்துத்தான் அதன் எல்விஎம்மை எழுதினார். பழைய அடையாள எண்ணைப் புதிய டிஸ்க்குக்குக் கொடுக்கும் வழி அங்கே உண்டு, காணாமல்போனதைக் கழித்துவிடும் வழியும் உண்டு.

ஆள்மாறாட்ட வழியில் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். அந்த வரைபடக் கோப்பு உங்கள் சர்வரின் பூட் டிஸ்க்கிலேயேதான் இருக்கிறது. அதன் நகல் ஒன்றை வேறு இயந்திரத்திலும் வைத்துவிடுங்கள்.