ஏறாவூர்ப்பற்றில் விளையாட்டு மாணவர்: வைத்தியர், விடுதி, சான்றிதழ்

பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டே போட்டி விளையாட்டில் ஈடுபடும் மாணவருக்குத் தவறிய பாடங்களை ஈடுசெய்து கொடுப்பதும், காயத்தைக் கவனித்து மீண்டும் களத்துக்கு அனுப்புவதும் கல்வி நிறுவனத்தின் தனிக் கடமை என்னும் எண்ணம் ஐக்கிய அமெரிக்காவில் முதிர்ந்தது. மட்டக்களப்பு நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஏறாவூரிலும், அதனைச் சூழ்ந்த ஏறாவூர்ப்பற்றிலும் அவ்வுதவி ஊர் வைத்தியரிடமிருந்தும், இலவசக் கல்வியின் விடுதியிலிருந்தும், அரசாங்க வைத்தியசாலையிலிருந்தும் தனித்தனியே வந்து சேர்ந்தது. அவை யாவும் வசதியற்ற மாணவரையும் நோயுற்ற எவரையும் மனத்திற்கொண்டு ஏற்பட்டவை. விளையாட்டு வீரர் அவற்றில் தமக்கும் ஒரு பங்கைப் பெற்றார்.

இவற்றுள் பழையது வைத்தியம். கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களில் வெறுங்கையாலும் காலாலும் பொருதும் சீனடியும், கம்பு கொண்டு ஆடும் சிலம்படியும் ஆசிரியரிடம் பணிந்து கற்கும் கலைகளாக வழங்கின. அடியும் சுளுக்கும் அப்பயிற்சியோடு கூடப்பிறந்தவையாதலால், எண்ணெய் பூசி நீவுதல், மூலிகைச் சாந்தைப் பூசிக் காயவிடும் ‘பத்து’ப் போடுதல், முறிந்த எலும்பை நேராக்கி மட்டை வைத்துக் கட்டுதல் ஆகியவற்றில் தேர்ந்த முறிவு வைத்தியரைப் பயிலுநர் நாடினர். உழவருக்கும் மீனவருக்கும் பார்த்த அதே கைதான் பயிலுநருக்கும் பார்த்தது.

கல்விசார் உதவியின் தொடக்கத்தைக் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் சீர்திருத்தங்களிலே தேடவேண்டும். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான குழுவின் 1943ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கென மத்திய பாடசாலைகள் பெருகின. அவற்றில் இடம்பெற்ற புலமைப்பரிசில் மாணவர் விடுதியில் தங்கிப் படித்தனர். ஏறாவூர்ப்பற்றைச் சேர்ந்த வந்தாறுமூலையிலும் இத்தகைய பாடசாலை எழுந்தது. மாலையில் மைதானம், இரவில் கட்டாயப் படிப்பு, மூன்று வேளை உணவு என்னும் விடுதி ஒழுங்கு, பிற்காலத்தார் ஆலோசகர்களை அமர்த்திச் செய்ய முயலும் வேலையில் பாதியைப் பெயரேதும் சூட்டாமலே செய்துவிட்டது எனலாம். 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டதால், காலொடிந்த பிள்ளையைச் சேர்ப்பதற்குப் பெற்றோர் காசு தேடவேண்டிய நிலையும் மாறியது.

அமெரிக்காவின் கதை வேறு. அங்கே அம்ஹெர்ஸ்ட் கல்லூரி 1861இலேயே எட்வர்ட் ஹிட்ச்கொக் என்னும் மருத்துவரைச் சுகாதாரத்துக்கும் உடற்கல்விக்குமான பேராசிரியராக்கியது. கல்லூரிகளின் அமெரிக்கக் கால்பந்தில் நேர்ந்த உயிரிழப்புகள் எழுப்பிய கண்டனத்தால் 1906இல் கல்லூரி விளையாட்டுக்கான பொது அமைப்புத் தோன்றியது. களத்தில் முதலுதவியும் காயத் தடுப்பும் பார்க்கும் விளையாட்டுப் பயிற்றுநர்கள் 1950இல் தமக்கெனச் சங்கம் கண்டனர். அந்நாட்டுக்குச் சென்ற ஈழத்தமிழ் மாணவருள் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் முதன்மையானவர். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்த அவர், பின்னர் லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீற்றர் பாய்ந்து இலங்கைக்குத் தங்கம் பெற்றுத் தந்தார். அதன்பின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு விளையாட்டு புகழும் வருவாயும் ஈட்டியதால் வீரரைப் பேணுவது அதன் நலனாகவும் இருந்தது. இலங்கைப் பல்கலைக்கழக விளையாட்டு நுழைவுச்சீட்டு விற்று வளர்ந்ததன்று. வீரரைப் பேணவெனத் தனி ஏற்பாடு இங்கு எழாமைக்கு இதனைவிடப் பெரிய காரணம் தேடவேண்டியதில்லை.

1981 ஆகஸ்ட் 1ஆம் திகதி வந்தாறுமூலைப் பாடசாலை வளவிலேயே மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டு, 1986 ஒக்டோபரில் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. ஏனைய பல்கலைக்கழகங்களில் வழங்கிய முறைகளே இங்கும் வந்தன: உடற்கல்வி அலகு மைதானத்தைப் பார்த்தது, மாணவ ஆலோசகர்களாக அமர்ந்த விரிவுரையாளர் குறைகேட்டனர், சுகாதார நிலையத்தில் வைத்திய அதிகாரி இருந்தார். கல்வியும் மருத்துவமும் உண்மையில் சந்தித்த இடம் அவ்வதிகாரி ஏற்கும் மருத்துவச் சான்றிதழே. விரிவுரைகளுக்கு 80 சதவீத வரவு வேண்டும் என்பது இலங்கைப் பல்கலைக்கழகங்களில் பரவலான விதி. நோயால் பரீட்சையைத் தவறவிட்டவர் உரிய சான்றிதழ் காட்டினால், அடுத்த முறை எழுதுவது முதல் தடவையாகக் கொள்ளப்படும். முழங்கால் பிசகிய ஆட்டக்காரருக்கு இது துணை செய்தது. நல்ல உடல்நலத்துடன் போட்டிக்குச் சென்றதால் வகுப்பைத் தவறவிட்டவருக்கோ வைத்தியர் எழுதித்தர எதுவுமில்லை.

1990இல் போரினால் இவ்வொழுங்கு முழுவதும் குலைந்தது. ஆகஸ்டில் ஏறாவூரில் முஸ்லிம் மக்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 5ஆம் திகதி, அகதி முகாமாகியிருந்த வந்தாறுமூலை வளாகத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்ட 158 தமிழர் திரும்பவில்லை. விளையாட்டு மாணவர் என்ற சொல்லுக்கே பொருளில்லாத காலம் அது.

விளையாட்டில் தேசிய, சர்வதேச மட்டங்களில் சிறந்தோருக்குச் சிறப்பு அனுமதி வழங்கும் ஏற்பாடு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் உண்டு. அவ்வழியாக நுழைந்தவரும் உள்ளே வந்தபின் ஏனையோருக்குரிய சாளரங்களிலேயே வரிசையில் நிற்கிறார். விளையாட்டு மருத்துவ நிறுவகம் 300 கிலோமீற்றருக்கு அப்பால் கொழும்பில் இருப்பதால், காயமுற்றவர் ஏறாவூர் ஆதார வைத்தியசாலைக்கும், அங்கிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கும் செல்கிறார்; முறிவு வைத்தியரை நாடும் வழக்கமும் அற்றுவிடவில்லை. அவ்வைத்தியத்தோடு உறவுடைய சித்த மருத்துவம் இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது.