ஆனந்தரங்கர் மனையும் வேதபுரியின் நினைவும்

திருவக்கரை, அரசிலி, இரும்பை மாகாளம் என்னும் பாடல் பெற்ற தலங்களைத் தன்னகத்தே கொண்டது நம் வானூர் வட்டம். இத்தலங்களை வணங்கிப் புதுவைக்குச் செல்லும் அன்பர்கள், பெரிய அங்காடியை அடுத்த ரங்கப்பிள்ளை தெருவில் பழைய மனை ஒன்றைக் காணலாம். குடமுழுக்கு மலரில் ஒரு வீட்டின் வரலாறு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். இடிக்கப்பட்ட சிவாலயம் ஒன்றின் நினைவு அம்மனைக்குரியவரின் எழுத்தில் தங்கியிருக்கிறது. அதன்பொருட்டே இதனை எழுதலானேன்.

அம்மனை 1738ஆம் ஆண்டை ஒட்டி எழுந்தது என்பர். கீழ்த்தளத்தில் முற்றத்தைச் சூழ்ந்து மரத்தூண்கள் நிற்கின்றன. அது நம்மவர் வீட்டு அமைப்பு. மேல்தளத்திலோ பிரெஞ்சுக்காரர் பாணியில் சுதைத்தூண்கள். அதற்குரியவர் வாழ்வும் அவ்வாறே இரு தளங்கொண்டது. 1709இல் சென்னைப் பெரம்பூரில் தோன்றிய ஆனந்தரங்கப் பிள்ளை வைணவ மரபினர். ஆனந்தப்புரவி என்னும் கப்பலுக்கு உடையவர். ஆளுநர் துய்ப்ளேயின் தலைமைத் துபாசி. அவரைப் பாட்டுடைத் தலைவராக வைத்துத் தியாகராச தேசிகர் கோவையே பாடினார்.

1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் புதுவையை முற்றுகையிட்டிருந்தபோது, யேசு சபையார் நெடுங்காலம் வேண்டி வந்தபடி, அவர்தம் தேவாலயத்தை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோயில் ஆளுநர் ஆணையால் இடிக்கப்பட்டது. ஊரார் பிள்ளையிடம் முறையிட்டனர். அவரால் தடுக்க இயலவில்லை. திருவுருவங்களையேனும் வேறிடம் கொண்டு சென்று காக்குமாறு கூறினார்.

மடத்தில் பயின்று வந்த இளமையில் யான் இச்செய்தி கேட்டு அவர்மேல் சினங்கொண்டேன். அத்துணைச் செல்வாக்கிருந்தும் வாளா இருந்தாரே என்று மனம் கொதித்தது. அந்நாளில் அத்தெருவழியே சென்றும் அம்மனையை ஏறிட்டும் பாரேன். பின்னர் அவர்தம் நாட்குறிப்பை வரிவரியாகக் கற்றேன். பதவியை இழக்க அவர் துணியவில்லை என்பது என் கருத்து. அக்குறையை யான் இன்றும் மறைக்கேன். ஆயினும் தம் தலைவரின் செயலென்று அதனை அவர் மறைத்தாரல்லர். இடித்தவர் யார், ஏவியவர் யார், ஊரார் பட்ட துயர் யாது என அனைத்தையும் எழுதி வைத்தார். அவர் எழுதாதிருப்பின் அவ்விடிபாட்டைப் பற்றி நாம் அறிவது மிகச் சிறிதாகவே இருக்கும்.

துய்ப்ளே 1754இல் தாயகத்துக்கு அழைக்கப்பட்டார். பிள்ளையின் பதவியும் 1756இல் நீங்கிற்று. 1761 சனவரியில், புதுவை ஆங்கிலேயர் கைப்படுவதற்குச் சின்னாட்களுக்கு முன் அவர் மறைந்தார். வென்றவர் கோட்டையையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கினர். தப்பிய மிகச் சில கட்டடங்களுள் அவர் மனையும் ஒன்று. 1736 முதல் எழுதிய குறிப்பேடுகளோ கேட்பாரற்றுக் கிடந்தன. 1846இல் கலுவா மொம்பிரோன் என்னும் பிரெஞ்சு அதிகாரி அவற்றைக் கண்டெடுத்துப் படியெடுப்பித்தார். 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் பன்னிரு தொகுதிகள் சென்னையில் வெளிவந்தன. தமிழில் எழுதிய நூலை ஆங்கிலத்தார் முந்திக்கொண்டு அச்சிட்டது நமக்குப் பெருமையன்று.

வேதபுரீசுவரர்க்குப் பின்னாளில் ஈசுவரன் கோயில் தெருவில் ஆலயம் எழுந்தது. அங்கு வழிபட்ட பின், ரங்கப்பிள்ளை தெரு வழியாகவே இப்பொழுது திரும்புகிறேன்.