செடியும் குடிப்பெயரும்

ஆங்கிலக் கவிதையை நமது பள்ளிகளிற் பயின்றோர்க்கு 'டெய்சி' என்னும் சிறுபூவின் பெயர் பழக்கமானது. அதன் பொருளை அறிந்தோர் சிலரே. பழைய ஆங்கிலத்தில் அது 'பகலின் கண்' எனப் பொருள்படும் இரு சொற்களாய் இருந்தது. பொழுது புலர விரிந்து, பொழுது சாயக் கூம்பும் இயல்பை நோக்கி இட்ட பெயர் அது. 14ஆம் நூற்றாண்டிற் சோசரும் இப்பொருளை எடுத்துக் கூறினார். எனினும், விடியுமுன் வயலுக்குச் சென்று பொழுதுபட மீண்ட மக்களின் பார்வையே இப்பெயரிற் புலனாகின்றது என நாம் கருதுகின்றோம்.

வேறு பெயர்களில் உழைப்பின் சுவடு இன்னும் வெளிப்படை. உள்ளியைக் குறிக்கும் 'கார்லிக்' என்பதில் முற்பகுதிக்கு ஈட்டி என்பது பொருள். பிற்பகுதியோ, நமது சந்தைகளில் 'லீக்ஸ்' என விற்கப்படுகின்றதே, அதன் மூலச்சொல். அக்காலத்தில் வெங்காய இனம் முழுவதற்கும் அச்சொல் வழங்கியது. அதனோடு அடைப்பு நிலத்தைக் குறிக்கும் சொல் சேர்ந்தபோது காய்கறித் தோட்டம் என்னும் பொருள் பிறந்தது. தோட்டத்தின் பெயர் ஊர்ப்பெயராகி, பின்னர் லெய்ற்றன் என்னும் குடிப்பெயராயிற்று. உள்ளி விற்றவன் கார்லிக் என்றே அழைக்கப்பட்டான். இலண்டன் மருத்துவர் கல்லூரியை 1518இல் நிறுவிய தோமஸ் லினாக்கரின் பெயருக்கு, லினன் நார் தரும் ஆளிச்செடி விளையும் வயல் என்பதே பொருள்.

பார்ளியின் கதை சற்று வேறானது. தானியம் வைக்கும் களஞ்சியத்துக்கு ஆங்கிலர் வழங்கும் 'பார்ன்' என்னும் சொல் 'பார்ளி வீடு' என்பதன் சுருக்கம். 'பார்ற்றன்' என்பதோ பார்ளி முற்றம். ஆனால் இடைக்காலத்திற் பார்ற்றன் என்றால் பிரபுவினது அல்லது மடத்தினது சொந்தப் பண்ணை என்றே பொருள்பட்டது. சொல் மாறவில்லை, முற்றம் கைமாறிவிட்டது.

1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றினர். நிலமுடையோர் 'டி' என்னும் பிரெஞ்சுச் சொல்லைத் தத்தம் ஊர்ப்பெயரின் முன்னே சேர்த்துக்கொண்டனர். 'இன்ன ஊரினன்' என்பதே அதன் நேர்ப்பொருளாயினும், பிரபுக்களிடத்து அஃது உடைமையின் முத்திரையாயிற்று. குடியானவனுக்கு அத்தகைய ஊர் ஏது? அவன் குடிசை ஆஷ் மரத்தின் அருகே இருந்தால் 'அற்றன் ஆஷ்', அதாவது ஆஷ் மரத்தடியான், என எழுதினர். நாளடைவில் முன்னொட்டுத் தேய்ந்து, அதன் இறுதி மெய் மட்டும் மரப்பெயரோடு ஒட்டிக்கொள்ள, நாஷ் என்னும் பெயர் உண்டாயிற்று. ஓக் மரத்தடியார் நோக்ஸ் ஆயினர். எல்ம் மரத்தடியார் நெல்ம்ஸ் ஆயினர். நிலம் அவர்களுடையதன்று, மரமும் அவர்களுடையதன்று.

இத்தகைய பெயர்கள் தலைமுறைதோறும் நிலைக்கத் தொடங்கியது பெரும்பாலும் 13ஆம், 14ஆம் நூற்றாண்டுகளில் ஆகும். பண்ணை நீதிமன்ற ஏடுகளும் வரிப்பட்டியல்களும் அதற்குத் துணைபுரிந்தன. 1377, 1379, 1380 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்துத் தலைவரி விதிக்கப்பட்டது. 1381இல் கென்ற், எசெக்ஸ் பகுதிகளின் உழவர் கிளர்ந்தெழுந்தனர். அவர்கள் பல இடங்களிற் பண்ணை ஏடுகளைத் தேடி எரித்தனர். தமது பெயரும், பெயருக்கு நேரே பிரபுவுக்குச் செய்யவேண்டிய கூலியில்லா ஊழியமும் அவற்றிலேதான் எழுதப்பட்டிருந்தன. தலைவர் வற் ரைலர் அவ்வாண்டு ஜூன் 15இல் இலண்டனிற் கொல்லப்பட்டார். அவர் பெயருக்கு ஓடு வேய்பவன் என்பது பொருள். இன்று குடிப்பெயர் ஆராய்வோர்க்கு எரியாது எஞ்சிய ஏடுகளே பெருந்துணை. உழவன் அழிக்க விரும்பியதே அவனைப்பற்றி நமக்குக் கிடைத்த சான்றாயிற்று!

'ஹோதோர்ண்' என்னும் முட்செடியையும் இங்கே குறிப்பிடவேண்டும். வேலிமுள் என்பதே இப்பெயரின் பொருள். இதுவும் குடிப்பெயராய் வழங்குவது. பழங்காலத்தில் இவ்வேலி கால்நடையிடமிருந்து ஊராரின் பயிரைக் காத்தது. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடக்கம் பொதுநிலங்களை அடைத்துத் தனியுடைமையாக்கும் சட்டங்களைப் பாராளுமன்றம் ஆயிரக்கணக்கில் இயற்றியது. அந்நிலவுடைமையாளர் எல்லையிட நட்டதும் இதே செடிதான். முன்பு பொதுநிலத்தில் மேய்ந்த ஏழையின் பசு இப்போது வேலிக்கு வெளியே நின்றது. பசுவை இழந்தவர்களிற் பலர் கூலியாட்களாயினர். பலர் ஆலை நகரங்களை நாடிச் சென்றனர்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர், பெரும்பண்ணைகளின் இயந்திரங்கள் திரும்ப இடம்போதாமையால் அவ்வேலிகளிலும் பெரும்பகுதி பிடுங்கப்பட்டது. எஞ்சியவற்றுள் முக்கியமானவற்றைக் காக்க 1997இலேயே விதிகள் வகுக்கப்பட்டன.