பயிற்சி முனையும் வேட்டை அலகும்

முதுமை எய்திய ஒருவர் இரண்டு இலக்குகளுக்கிடையே மாறி மாறி நடந்து அம்பெய்து கொண்டிருந்தார். இந்த வயதில் இத்துணைச் சிரமம் எதற்கு என்று உடனிருந்தவர் வினவினார். அம்பெய்தலைக் கற்றபின் அதனைக் கைவிடுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்ற கருத்தில் நபி(ஸல்) அவர்கள் மொழிந்ததைத் தாம் செவியுற்றிராவிடில் இச்சிரமத்தை மேற்கொண்டிருக்க மாட்டேன் என முதியவர் விடை பகர்ந்தார். அவர்தாம் நபித்தோழர் உக்பா பின் ஆமிர்(ரலி). எகிப்தின் ஆளுநராகவும் விளங்கி, ஹிஜ்ரி 58இல் மறைந்தவர். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் இச்செய்தி, வில்வித்தையில் பயிற்சிக்கு இஸ்லாமிய மரபு அளித்த இடத்தை நமக்கு உணர்த்துகின்றது.

ஆயினும் பயிற்சி என்பது ஒன்று. வேட்டை என்பது வேறொன்று. வில்வேட்டைக்குச் சட்டம் இடந்தரும் நாடுகளில், வேட்டைப் பருவம் தொடங்குமுன் ஆண்டுதோறும் ஒரு வினா எழுவதுண்டு. இலக்குப் பலகையில் எய்யும் குவிந்த முனையுடனே பழகினால் போதுமா, அன்றி வேட்டைக்குரிய அகன்ற அலகையும் பொருத்தி எய்து பார்க்க வேண்டுமா? மேலோட்டமாக நோக்கின் இது கருவி பற்றிய வினா. நம் மரபின் ஒளியில் நோக்கின் இது பொறுப்பு பற்றிய வினாவுமாகும்.

முதலில் கருவியின் இயல்பைக் காண்போம். எடையில் ஒத்த இரு முனைகளைப் பொருத்தினாலும் அவ்விரு அம்புகளும் ஒரே வழியில் செல்வதில்லை. குவிந்த முனை காற்றின் வேகத்துக்குப் பெரிதும் இடங்கொடாது செல்லும். அகன்ற அலகோ அம்பின் முற்பகுதியில் ஒரு சிறகுபோல் செயற்படும். பின்னுள்ள இறகுகள் அம்பை நேர்ப்படுத்த முயலும்போது முன்னுள்ள அலகு அதனைத் திசைமாற்ற முயலும். நாணை விடுவிக்கும் விரலின் சிறு பிழை, தண்டின் மிகையான வளைவு, அலகு தண்டின் நேர்க்கோட்டில் அமையாமை ஆகிய குறைகளைக் குவிந்த முனை பெரும்பாலும் மறைத்துவிடும். அகன்ற அலகு அவற்றை வெளிப்படுத்திவிடும். மறுபுறம், எப்போதும் அலகுடனே பழகுவதும் இயலாது. அது வைக்கோல் இலக்கைச் சிதைக்கும். தன் கூர்மையையும் இழக்கும். பிடுங்கும் கையையும் அறுக்கும். ஆகவே இரண்டுக்கும் உரிய இடம் உண்டு.

ஒவ்வொரு பணிக்கும் உரிய கணை வேறு என்பதை முஸ்லிம் வில்லாளர்கள் நன்கறிந்திருந்தனர். கி.பி. 14ஆம் நூற்றாண்டில் மம்லூக்கியர் ஆட்சியில் வாழ்ந்த தைபுகா, வில்வித்தையைச் செய்யுளாக யாத்துத் தாமே அதற்கு உரையும் வரைந்தார். அந்நூலை லேதம், பேட்டர்ஸன் ஆகியோர் ஆங்கிலத்தில் பெயர்த்து 1970இல் வெளியிட்டனர். உதுமானியரிடையே இக்கலை ஒரு நிறுவனமாகவே வளர்ந்தது. 1453இல் இஸ்தான்பூலை வென்ற சுல்தான் இரண்டாம் முஹம்மத், அம்பெய்தலுக்கென ஒரு திடலை ஒதுக்கினார். அதுவே ‘ஒக்மெய்தானி’ எனப்படும் அம்புத்திடல்.

அங்கே மாணவன் முதல் நாளே அம்பைத் தொட்டுவிட முடியாது. ‘கெபஸெ’ என்னும் மென்மையான பயிற்சி வில்லை அம்பின்றி நாள்தோறும் பலமுறை இழுத்துப் பழகுவான். பின்னர், உள்ளே திணிப்பிட்ட பையொன்றின் மீது மிக அருகிலிருந்து எய்வான். உரிய அம்பினால் 900 கெஸ், ஏறத்தாழ 594 மீட்டர், தொலைவு எய்தவனே ‘கப்ஸா’ எனும் தகுதியைப் பெற்றான். தொலைவுக்கு எய்தல், இலக்கை எய்தல், கடினப் பொருளைத் துளைக்க எய்தல் என மூவகைப் பயிற்சி அங்கே நிலவியது. தொலைவுக்கெனச் செய்யப்பட்ட மெல்லிய அம்புக்குத் தந்தத்தாலோ எலும்பாலோ ஆன சிறு நுனியே போதுமானதாக இருந்தது. அத்தகைய நுனி சாதனை படைக்கும், வேட்டைக்கு உதவாது.

வேட்டைக்கு ஏன் உதவாது? இவ்விடத்தில் கருவியின் கணக்கு மார்க்கச் சட்டத்தின் கணக்கோடு இணைகிறது. தய்யி குலத்தின் கொடைவள்ளல் ஹாத்திமின் மகனார் அதீ(ரலி), வேட்டை பற்றி நபி(ஸல்) அவர்களிடம் பல வினாக்களைத் தொடுத்தார். அவற்றுள் ஒன்று ‘மிஃராத்’ பற்றியது. இறகில்லாத தடித்த கோலம்பு என அறிஞர் பலர் இதனை விளக்குவர். அது தன் கூர்மையால் தாக்கிக் கொன்றதை உண்ணலாம். பக்கவாட்டில் மோதிக் கொன்றதை உண்ணலாகாது என்பதே அவருக்குக் கிடைத்த விடையின் சாரம். ஏனெனில் பின்னது அடிபட்டுச் செத்ததாகும். அல்மாயிதா அத்தியாயத்தின் 3ஆம் வசனம் விலக்கியவற்றுள் அதுவும் ஒன்று. புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ள இச்செய்தியே வேட்டைச் சட்டத்தின் அடித்தளங்களுள் ஒன்றாயிற்று. கணை பாய்ந்ததா மோதியதா என்பதைப் பொறுத்தே இறைச்சி ஆகுமானதும் ஆகாததும் ஆகிறது. அலகின் கூர்மை வேட்டையாளனின் பெருமைக்கன்று. உணவின் தூய்மைக்கே வேண்டப்படுகிறது.

இன்னொரு நபிமொழியையும் இதனோடு இணைத்துப் பார்க்க வேண்டும். ஷத்தாத் பின் அவ்ஸ்(ரலி) அறிவிக்கும் அச்செய்தி, அறுப்பவர் தம் கத்தியைத் தீட்டி, உயிரை விரைவில் வேதனையினின்று விடுவிக்கப் பணிக்கிறது. கையெட்டும் தூரத்தில் நிற்கும் ஆட்டுக்கே இவ்வளவு கருணை வேண்டுமெனில், பல முழத் தொலைவில் நிற்கும் மானுக்கு வேண்டியது எவ்வளவு? பயிற்சியில் மழுங்கிய அலகை மீண்டும் தீட்டாமல் வேட்டைக்கு எடுத்துச் செல்வதும், எவ்வாறு பறக்கும் என்று எய்து பாராத அலகை நம்பி உயிரின்மீது தொடுப்பதும் இப்பணிப்புக்கு இசைந்தவையல்ல என்றே நாம் கருதுகிறோம்.

அவ்வாறாயின் உயிரின் மீதே எய்து பழகலாமே என எவரேனும் எண்ணக்கூடும். அவ்வாயிலும் அடைக்கப்பட்டே உள்ளது. ஒரு பறவையைக் கட்டிவைத்து அம்பெய்து கொண்டிருந்த இளைஞர்களை இப்னு உமர்(ரலி) கண்டார். உயிருள்ளதை இலக்காக ஆக்குவோரை நபி(ஸல்) அவர்கள் சபித்ததை எடுத்துரைத்துக் கண்டித்தார். இதனை வரலாறு எப்போதும் பேணியதா? மம்லூக்கிய சுல்தான் பைபர்ஸ் 1267இல் கெய்ரோவில் திடலொன்று அமைத்தார். அங்கே ‘கபக்’ எனும் விளையாட்டு நிகழ்ந்தது. உயர்ந்த கம்பத்தின் உச்சியில் பொருத்திய சுரைக்குடுவையை, குதிரையில் விரைந்தவாறே எய்ய வேண்டும். சில வேளைகளில் அக்குடுவைக்குள் புறா வைக்கப்பட்டதாகவும் செய்தி உண்டு. அரசவைக் கேளிக்கையும் நபிவழியும் எப்போதும் ஒன்றாக இருந்ததில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆக, வழி தெளிவாகிறது. உடலையும் விரலையும் பழக்கக் குவிந்த முனையும் வைக்கோலும் வேண்டும். பருவம் நெருங்கும்போது, வேட்டைக்குரிய அலகையே பொருத்தி, உயிரற்ற இலக்கில் சில கணைகளேனும் எய்து, அவை சேருமிடத்தை அறிய வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் சேரவில்லையெனில், குறையைத் தன் கையிலும் அம்பிலும் தேட வேண்டும். எய்து பார்த்த அலகை மீண்டும் தீட்டியபின்னரே காட்டுக்குச் செல்ல வேண்டும்.

பந்தயம் வைக்க அனுமதிக்கப்பட்ட மூன்றைக் குறிப்பிடும் நபிமொழியில், அம்பெய்தலைச் சுட்ட ஆளப்பட்ட சொல் ‘நஸ்ல்’ என்பது. அம்பின் அலகு என்பதே அதன் பொருள். பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ அம்புகளுடன் செல்பவர், எவரையும் கீறிவிடாதவாறு அவற்றின் அலகுகளைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டும் என்ற கட்டளையிலும் அதே சொல்லின் பன்மையே வருகிறது. கூர்மையாக்கு, ஆனால் அக்கூர்மைக்கு நீயே பொறுப்பாளி என்பதே அவ்விரு செய்திகளும் சேர்ந்து நமக்குப் புகட்டும் பாடம். முதிய வயதிலும் உக்பா(ரலி) அவ்விரு இலக்குகளுக்கிடையே நடந்தது அப்பொறுப்பை மறவாமைக்கே எனலாம்.