மூட்டையில் இல்லாத பொருள்

புண்ணியத் தலத்துக்குப் புறப்படுவோர் எதையும் மறப்பதில்லை. நாள் பார்ப்பர், கோள் பார்ப்பர், மாவும் பருப்பும் மூட்டை கட்டுவர், தட்சணைக்கெனச் சில்லறை முடிந்துகொள்வர், மாண்ட தந்தையின் எலும்பும் சாம்பலும் இருக்குமாயின் அவற்றையும் சிறு பையிலிட்டு மார்போடு அணைத்துக்கொள்வர். ஊர் எல்லைவரை உற்றார் வந்து வழியனுப்புவர். இவ்வளவு ஆயத்தத்திலும் ஒரு பொருளுக்கு மட்டும் மூட்டையில் இடம் கிடைத்ததில்லை. அதன் பெயர் ஐயம். 'ஏன் இந்த நாள்? ஏன் இந்த இடம்? ஏன் இந்த நீர்?' என்று கேட்கும் ஐயம்! அது இல்லாத மூட்டைகளோடு மக்கள் சென்ற ஓர் ஊரின் வரலாற்றைக் காண்போம்.

இமயத்தை விட்டுக் கங்கை சமவெளிக்கு இறங்கும் இடத்தில் இருக்கிறது அரித்துவாரம். வியாழன் கும்பராசியில் நிற்க, கதிரவன் மேடராசியில் நுழையும் வேளையில் அங்கே மூழ்கினால் பிறவிப் பிணி தீரும் என்பது புராணிகர் வாக்கு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்பர். வியாழனோ வானூலார் கணக்கின்படி 11.86 ஆண்டில் கதிரவனைச் சுற்றி வந்துவிடுகிறது! ஆகவே சிற்சில வேளை பதினோராம் ஆண்டிலேயே கும்பமேளா வந்து நிற்கும். 1927-க்குப் பின் 1938-இலும், 2010-க்குப் பின் 2021-இலும் வந்தது அப்படித்தான். நேரங்குறிக்க வானூல் வேண்டியிருக்கிறது. நீரைச் சோதிக்க மட்டும் நுண்ணுயிர் நூல் வேண்டாம் போலும்!

வருவோரை எதிர்கொள்ள 'பண்டா'க்கள் காத்திருப்பர். எந்த மாவட்டம், எந்தச் சாதி, பாட்டன் யார், பூட்டன் யார் என்று தலைமுறை தலைமுறையாய் எழுதி வைத்த நீண்ட ஏடுகள் அவர்களிடம் உண்டு. தன் முப்பாட்டன் பெயரைப் பண்டா படித்துக் காட்டியதும் பாமர உழவன் மெய்சிலிர்த்து மடிமுடிச்சை அவிழ்ப்பான். கணக்கெழுதுவதில் இத்துணை வல்லவர்கள், வந்தவர்களில் வீடு திரும்பாதவர் எத்தனை பேர் என்ற கணக்கை வைத்ததாகத் தெரியவில்லை.

அந்தக் கணக்கு சிறியதன்று. 1760-இல் யார் முதலில் மூழ்குவது என்று கோசாயிகளும் வைராகிகளும் வாளெடுத்து மோதினர், முற்றுந்துறந்த முனிவர்கள்! 1783-இல் வாந்திபேதி எட்டே நாளில் இருபதாயிரம் பேரைக் கொண்டுபோயிற்று என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 1819-20 வாக்கில் குறுகலான படித்துறையில் முந்தி மூழ்கப் பாய்ந்த கூட்டத்தில் 430 பேர் நசுங்கி மாண்டனர். காவலுக்கு நின்ற சிப்பாய்களும் அதில் அடக்கம். பின்னர்தான் கும்பினி அரசு படிகளை அகலப்படுத்தியது. படிகளை அகலப்படுத்திய கை, புராணிகர் கையன்று என்பதை நினைவில் கொள்க. நெரிசல் பழங்கதை என்று எண்ண வேண்டாம். நம் குடந்தையில் 1992 பிப்ரவரி 18 அன்று, அன்றைய முதலமைச்சர் நீராட வந்த மாமாங்கத்தில், ஏறத்தாழ ஐம்பது உயிர்கள் குளக்கரையில் போயின.

இனி 1867-க்கு வருவோம். அவ்வாண்டு ஆயத்தம் செய்தவர்கள் பக்தர்கள் மட்டுமல்லர், அரசும் ஆயத்தம் செய்தது. காரணம் உண்டு. 1865-இல் மக்காவுக்குச் சென்ற ஹஜ் பயணிகளிடையே வாந்திபேதி பரவிப் பதினையாயிரம் பேர் மாண்டதாக மதிப்பிட்டனர். நோய் எகிப்து வழியாக ஐரோப்பாவுக்குள் புகுந்தது. மதம் எதுவாயினும் நோய்க்கு ஒன்றுதான். அலறியெழுந்த அரசுகள் 1866-இல் கான்ஸ்டாண்டினோபிளில் கூடின. வாந்திபேதியின் பிறப்பிடம் கங்கைச் சமவெளி, அதை ஊரெங்கும் பரப்பும் பெருங்கருவி புனிதப் பயணம் என்று மாநாட்டார் முடிவு கூறினர். ஆகவே மறு ஆண்டு அரித்துவாரத்தில் ஆங்கில மருத்துவர்கள் விழிப்போடு இருந்தனர். மலக்குழிகள் வெட்டினர், துப்புரவுக்கு ஆள் அமர்த்தினர், மருத்துவமனைகள் திறந்தனர், காவற்படையை நிறுத்தினர். ஏப்ரல் தொடக்கம்வரை எல்லாம் ஒழுங்காகவே இருந்தது.

கூட்டம் வந்தது. முப்பது இலட்சம் என்று மதிப்பிட்டனர். இரயில் அரித்துவாரத்தை எட்டாத காலம். மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் வந்த முப்பது இலட்சம்! ஏப்ரல் 9-இல் வாந்திபேதி கண்ட ஒருவர் மருத்துவமனைக்கு வந்தார். 11-ஆம் நாள் இரவு இடியும் மழையும். கூரையற்று வெளியில் கிடந்த மக்கள் நனைந்து நடுங்கினர். நிலத்தில் கிடந்த அழுக்கெல்லாம் கரைந்து ஆற்றில் கலந்தது. மறுநாள், ஏப்ரல் 12, மகா நீராட்டம்.

நீராடிய இடம் எது தெரியுமா? ஆற்றோட்டம் அடித்துச் செல்லாதிருக்கக் கம்பியடைப்பிட்ட ஒரு துறை. நீளம் 650 அடி, அகலம் 30 அடி. அதற்குள் காலை முதல் அந்திவரை, கூட்டம் போகக் கூட்டம் வந்து மூழ்கிற்று. உடலின் அழுக்கும் உடையின் அழுக்கும் கரைய, எரித்த பிணங்களின் சாம்பலும் அதிலேயே கொட்டப்பட, நீர் கலங்கிக் குழம்பாயிற்று என்று மருத்துவ அதிகாரி மர்ரே எழுதினார். மூழ்கியதோடு நின்றார்களா? குடித்தார்கள்! குடிப்பதும் சடங்கின் பகுதி. ஊரில் இருக்கும் கிழத்தாய்க்கும் நோயாளிப் பிள்ளைக்கும் கொடுக்கவென்று குப்பியிலும் செம்பிலும் அடைத்து எடுத்துக்கொண்டார்கள். அன்பினால் எடுத்துச் சென்றது அது. நஞ்சென்று அறிந்திருந்தால் எந்த மகன் தாய்க்குக் கொண்டுபோவான்?

ஏப்ரல் 15-க்குள் கூட்டம் கலைந்துவிட்டது. அரித்துவாரத்தில் பெருஞ்சாவு இல்லை. ஏற்பாடு வெற்றி என்று சொல்லத்தக்க நிலை! ஆனால் சாவு பயணிகளோடு நடந்து போயிற்று. ரூர்க்கி, மீரட், பஞ்சாப் என்று பாதை நெடுகிலும் பிணங்கள். மே மாதத்தில் பெஷாவரில் நோய். கோடை முடிவதற்குள் ஆப்கானியரின் காபூலில் நோய். வட இந்தியாவில் அவ்வாண்டு மாண்டோர் ஓர் இலட்சத்துக்கும் மேல் என்பது பின்னர் தொகுத்த கணக்கு.

மாண்டவர்களில் கங்கையைக் கண்ணாலும் காணாதோர் எத்தனை பேர்! சாலையோரச் சத்திரக்காரன், கிணற்றடிக்கு நீர் மொள்ள வந்த பெண், இஸ்லாமிய நெசவாளி, சீக்கிய உழவன் — இவர்கள் யாரும் பிறவிப் பிணி தீர்க்கப் புறப்பட்டவர்களல்லர். 'நம்பிக்கை அவரவர் உரிமை, நாத்திகருக்கு என்ன வேலை?' என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. உரிமைதான், மறுக்கவில்லை. தன் உயிரைப் பணயம் வைக்க ஒருவனுக்கு உரிமை இருக்கலாம். வழியில் இருக்கும் ஊர்க்கிணற்றைப் பணயம் வைக்க யாருக்கு உரிமை?

ஆங்கிலேயர் அறிவாளிகள், நம்மவர் மூடர் என்று இதிலிருந்து முடிவு கட்டினாலும் தவறு. அசுத்த நீரே வாந்திபேதியைப் பரப்புகிறது என்று இலண்டனில் ஜான் ஸ்நோ 1854-இலேயே தெருவாரியாகச் சாவுகளைக் கணக்கிட்டுக் காட்டிவிட்டார். இருந்தும் பின்னாளில் இந்திய அரசின் சுகாதார ஆணையராக இருந்த கன்னிங்காம், நோய் ஆளிடமிருந்து ஆளுக்கோ நீரினாலோ பரவுவதில்லை என்று பல ஆண்டுகள் சாதித்தார். அரசு அதற்கு ஒத்தூதியது. 1869-இல் சூயசுக் கால்வாய் திறந்தாயிற்று, தொற்று என்று ஒப்புக்கொண்டால் இந்தியக் கப்பல்களைத் துறைமுகந்தோறும் மறித்து வைப்பார்கள், வணிகம் கெடும். பண்டாவுக்குத் தட்சணை, பரங்கிக்குச் சரக்கு! கல்கத்தாவுக்கு வந்திருந்த இராபர்ட் கோச் 1884-இல், மக்கள் குளித்துக் குடித்த குளத்து நீரிலேயே அந்தக் கிருமியைக் கண்டு காட்டினார். அதன் பின்னும் கன்னிங்காம் மனம் மாறவில்லை. பட்டம் பெற்றவர் தலையிலும் மூடநம்பிக்கை குடிபுகும். குடிக்கூலியை மட்டும் வேறு யாரோ கொடுப்பார்கள்.

1892 மார்ச்சில், மகாவாருணி விழாவுக்குத் திரண்ட ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேரை அரசு காவலரை ஏவிக் கலைத்தது. அதற்குள் இரயில் வந்துவிட்டிருந்தது. நோயும் இரயிலேறும் காலம். 'மதத்தில் தலையீடு!' என்று பத்திரிகைகள் முழங்கின. தடியால் விரட்டியதைப் பாராட்ட நமக்கு மனமில்லை. ஏன் விரட்டுகிறோம் என்று அம்மக்களின் மொழியில் சொல்ல ஆளில்லை, ஆண்டு முழுதும் கற்பிக்கப் பள்ளியில்லை. ஆயினும் அன்று முழங்கியவர்களும் காய்ச்சிய நீரைக் குடியுங்கள் என்று மக்களுக்கு எடுத்துச் சொல்வதில் அந்த வேகத்தில் பாதியைக் காட்டவில்லை.

அடுத்து வந்த நூற்றாண்டில் தடுப்பூசி வந்தது, குளோரின் வந்தது, குழாய் வந்தது. கும்பமேளாவுக்குப் பின் காபூல் வரை பிணம் விழும் காலம் போயிற்று. மந்திரத்தால் போனதன்று.

பிறகு 2021. பதினோராம் ஆண்டிலேயே வந்த அந்தக் கும்பமேளா. கொரோனாவின் இரண்டாம் அலை எழுந்துகொண்டிருந்த நேரம். இம்முறை பயணியின் மூட்டையில் புதிய பொருள் ஒன்று இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது: 72 மணி நேரத்துக்குள் எடுத்த, நோயில்லை என்னும் பரிசோதனைச் சான்று. நல்ல ஆயத்தம்தான். ஆனால் கங்கையன்னையின் அருள் ஓட்டத்தில் இருக்கையில் கொரோனா வராது என்ற பொருள்பட அம்மாநில முதலமைச்சரே பேசினார். ஏப்ரல் 12 அன்று — 1867-இன் அதே நாள் — இலட்சக்கணக்கானோர் மூழ்கினர். 17-ஆம் நாள்தான், இனி மேளாவை அடையாளமாக மட்டும் நடத்துங்கள் என்று பிரதமர் சாமியார்களை வேண்டிக்கொண்டார். சில வாரங்கள் கழித்து அந்தப் பரிசோதனைகளைப் பற்றியே விசாரணை எழுந்தது. மேளாவில் செய்ததாகக் கணக்குக் காட்டிய சோதனைகளில் ஏறத்தாழ ஓர் இலட்சம் போலி என்பது குற்றச்சாட்டு. ஒரே தொலைபேசி எண்ணின்மேல் பற்பலர் பெயர்கள் பதிவாகியிருந்தன.