ஒரே திகதியில் இரண்டு காயங்கள்



ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் 30 வந்தால் யாழ்ப்பாணம் சோனகத் தெருவின் பழைய படங்களை நாம் பகிர்கிறோம். 1990இல் அன்று காலை விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து நம்மவர்களைக் கூட்டினார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். உடுத்த உடுப்போடும் சொற்பக் காசோடும் வெளியேறியவர்களின் நகைகளைக்கூட வழியில் பறித்தார்கள். அந்த மாதத்தில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் விரட்டப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். புத்தளத்து முகாம்களில் பிறந்த பிள்ளைகளுக்கு இன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். இதை நாம் மறக்கவில்லை. மறக்கவும் கூடாது.

ஆனால் அதே திகதியில் இன்னொரு காயமும் உண்டு. அதைப் பற்றி நாம் எழுதுவதே இல்லை.

1964 ஒக்டோபர் 30. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். நாடற்றவர்களாக இருந்த மலையகத் தமிழர் 975,000 பேர் என்று கணக்குப் போட்டார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று விட்டு, 1974இல் அவர்களையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். இரண்டு அரசாங்கங்களும் தொகையை முதலில் முடிவு செய்தன. ஆட்களைப் பிறகுதான் தேடின.

அவர்கள் எப்படி நாடற்றவர்கள் ஆனார்கள்? 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால். இலங்கையிலேயே பிறந்திருந்தாலும் போதாது. தகப்பன் இங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும். பாடசாலை அனுமதிக்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் கேட்கிறவர்கள் நாம். நமது வாப்பாவின் வாப்பாவுடைய பத்திரம் நம்மில் எத்தனை பேரிடம் இருக்கிறது? லயன் அறையில் பிறந்த தொழிலாளி அதற்கு எங்கே போவான்?

அடுத்த வருடமே வாக்குரிமையும் போயிற்று. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசுக்கு ஏழு உறுப்பினர்கள் கிடைத்தார்கள். 1952இல் ஒருவர்கூட இல்லை.

பிறகு தலைமன்னாருக்குக் கோச்சிகள் போகத் தொடங்கின. வழியனுப்ப வந்தவர்களும் போகிறவர்களும் அழுத அழுகையில் அதற்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பெயர் வந்தது. தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேஸ்வரம். கண்ணால் கண்டிராத ஊருக்கு ‘திரும்பிப் போனவர்கள்’ என்று அவர்களைச் சொன்னார்கள். அதே மன்னார்த் தீவின் கரையிலிருந்துதான் 1990இல் நம்மவர்கள் வள்ளங்களில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள்.

இது நமக்குச் சம்பந்தமில்லாத கதையும் அல்ல. 1949இல் வந்த சட்டத்தின் பெயரே ‘இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்’ சட்டம். தோட்டத் தொழிலாளர்களுக்காக வாழ்நாளெல்லாம் உழைத்த தொழிற்சங்கத் தலைவர் அப்துல் அஸீஸ் ஒரு முஸ்லிம். அவருடைய பெயர் நமது பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எஞ்சியிருந்த நாடற்றவர்களின் பிரச்சினையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1948இலிருந்து 55 வருடங்கள்.

ஒன்று துப்பாக்கியைக் காட்டிச் செய்தது. மற்றது பாராளுமன்றத்தில் கையை உயர்த்திச் செய்தது. இரண்டிலும் சொன்ன வார்த்தை ஒன்றுதான்: ‘நீ இந்த மண்ணுக்கு உரியவன் இல்லை.’ நமது காயத்தைத் தமிழ்ச் சகோதரர்கள் பேச வேண்டும் என்று நாம் கேட்கிறோம். அது நியாயம். அப்படியானால் மலையகத்து உறவுகளின் காயத்தை நாமும் பேச வேண்டும். நமக்கு நடந்ததை மட்டும் அநீதி என்று சொன்னால் அது நீதி கேட்பது ஆகாது.

வருகிற ஒக்டோபர் 30இல் வீட்டிலும் வகுப்பிலும் பிள்ளைகளுக்கு இரண்டு கதைகளையும் சொல்வோம், இன்ஷா அல்லாஹ்.